காதுக்கு ஊற்றிய மருந்து

ஜூலை 8, திங்கள்

தண்ணீர்த் தொட்டியை நிரப்பினேன். மணி அடித்தேன். மழை இல்லை. இதை நானே எழுதினேன்.

ஜூலை 9, செவ்வாய்

நேற்று எழுதியதைக் காலையில் எடுத்துப் பார்த்தேன். அப்படியே இருந்தது. நான் தூங்கிய பிறகும் அது அங்கேயே இருந்திருக்கிறது.

என் பெயர் நாச்சிமுத்து. ஊர் பாறைப்புதூர், திருச்செங்கோட்டுப் பக்கம். வயது அறுபத்தெட்டு என்று ஆதார் அட்டையில் இருக்கிறது. அதை இப்போது நானே படிக்கிறேன். முப்பது வருடம் போர்வெல் வண்டியோடு ஊர் ஊராகப் போய்க் குழி போட்டேன். இப்போது எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் கேட் திறப்பதும், தண்ணீர் பிடித்து வைப்பதும், மணி அடிப்பதும் வேலை. மாலையில் அதே பள்ளியில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடக்கிறது. போன வருடம் சேர்ந்து, பரீட்சையும் எழுதித் தேறினேன். பகலில் பிள்ளைகளுக்கும் மாலையில் எங்களுக்கும் தமயந்தி டீச்சர்தான்.

"தேறிட்டோம்னு விட்டுடாதீங்க ஐயா. கை மறந்துரும். தினமும் நாலு வரி எழுதுங்க" என்று சொல்லியிருக்கிறார்.

நாலு வரி தாண்டிவிட்டது. கடப்பாரை பிடித்ததைவிடப் பேனா பிடித்தால் கை அதிகம் வலிக்கிறது.

ஜூலை 12, வெள்ளி

பள்ளிக்குப் பெரிய திரை வந்தது. கரும்பலகைக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டினார்கள். விரலால் தொட்டால் படம் வருகிறது. இன்னொரு தடவை தொட்டால் அந்தப் படம் பேசுகிறது. மாட்டியவர்கள் போன பிறகு, தூசியாக இருக்கிறதே என்று ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். தலைமையாசிரியர் குழந்தைவேலு சார் ஓடி வந்தார்.

"நாச்சிமுத்தண்ணா! அதென்ன வாழை இலையா, தண்ணி தெளிச்சுத் தொடைக்கறதுக்கு?"

சார் நல்ல மனிதர். வாரத்தில் பாதி நாள் கூட்டம், பயிற்சி என்று போய்விடுவார். மீதி நாள் செல்போனில் எதையாவது ஏற்றிக்கொண்டே இருப்பார். சத்துணவு, வருகை, செருப்பு அளவு, எல்லாவற்றையும் ஏற்ற வேண்டுமாம். சிக்னல் கிடைக்காமல் வேப்பமரத்தடிக்கும் கேட்டுக்கும் நடப்பார். அதனால் ஐந்து வகுப்புக்கும் டீச்சர் ஒருவர்தான்.

திரையில் ஓர் அம்மாள் வந்து "வணக்கம் குழந்தைகளே" என்றாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுந்து நின்று "வணக்கம் டீச்சர்" என்று கைகூப்பின. உட்காரச் சொல்ல அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் நின்றுகொண்டே இருந்தன. தமயந்தி டீச்சர் சிரித்தபடி வந்து கையால் உட்காரச் சொன்னார். சிரித்ததும் இருமல் வந்துவிட்டது.

ஜூலை 19, வெள்ளி

மோட்டார் பழுது. அடிபம்பில் அடித்துக் குடம் குடமாகச் சுமந்தேன். முழங்கால் கெஞ்சுகிறது.

ஐந்து வகுப்பும் ஒரே கூடத்தில். சின்னதுகள் ஒரு பக்கம், மூன்றாம் வகுப்பு நடுவில், பெரியதுகள் ஜன்னல் பக்கம். ஜன்னலுக்கு வெளியே பைபாஸ் ரோடு. லாரி போகும்போதெல்லாம் டீச்சர் கத்தித்தான் பேச வேண்டும். லாரி போய்க்கொண்டேதான் இருக்கிறது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டீச்சர் மேஜையில் தலை வைத்துப் படுத்திருந்தார். மணி அடிக்க வேண்டிய நேரம். கொஞ்சம் கழித்து அடித்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதலாம் அல்லவா?

ஜூலை 25, வியாழன்

என் காது போய்க்கொண்டிருக்கிறது.

மாலை வகுப்பில் டீச்சர் சொல்வது பாதிதான் விழுகிறது. போர்வெல் கம்ப்ரஸர் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே நின்ற காது. கூட வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் எப்போதோ போய்விட்டது. எனக்கு இப்போது முறை வந்திருக்கிறது. எழுத்தைக் கொடுத்த சாமி காதை எடுத்துக்கொள்கிறது.

முன் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தேன். தறிப்பட்டறையில் வேலை பார்க்கும் பாவாயி எங்கள் வகுப்பில் வாய்க்காரி. விடுவாளா?

"ஏனுங்ணா, முன்னால போயி உக்கோந்துட்டா எழுத்து சீக்கிரம் வந்துருமாக்கும்?"

"கண்ணு தெரியலை அம்மிணி" என்று பொய் சொன்னேன். காது கேட்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் அவளும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். "எனக்கும் கண்ணு தெரியலீங்ணா" என்றாள்.

ஆகஸ்ட் 3, சனி

அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பஸ்ஸின் நெற்றியில் இருந்ததை நானே படித்து ஏறினேன். யாரையும் கேட்கவில்லை. பஸ் சரியாகவே போனது!

டாக்டர் சின்னப் பெண். காதில் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான இருக்குது பெரியவரே" என்று வாய்க்குள்ளேயே சொன்னார். "இல்லீங்கம்மா, டீச்சர் சொல்றது விழுகறதில்லீங்க" என்றேன். அழுக்கு இருக்கலாம் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். வாங்கி வந்துவிட்டேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே மருமகள் ருக்மணி, "மாமா, ரேசன் கடைக்குப் போகச் சொன்னது மறந்து போச்சா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள். வீட்டுத் தறி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பேச்சு மட்டும் எப்படித்தான் விழுகிறதோ.

ஆகஸ்ட் 7, புதன்

டீச்சர் ஒரு புதிய ஏற்பாடு செய்திருக்கிறார். பாடத்தைத் தன் செல்போனிலேயே பேசிப் பதிந்து வைத்து, சின்ன ஒலிபெருக்கியில் போடுகிறார். போன் பேசுகிறது, அவர் பிள்ளைகளுக்கு நடுவில் நடந்து ஒவ்வொரு சிலேட்டாகப் பார்க்கிறார். தூங்குகிற பிள்ளையை எழுப்புகிறார், விரல் வைக்க வேண்டிய இடத்தில் விரலை எடுத்து வைக்கிறார். பாடமும் நடக்கிறது, டீச்சரும் பக்கத்தில் இருக்கிறார். ஒரே நேரத்தில் இரண்டு டீச்சர்! யாருக்கு வரும் இந்த யோசனை?

மாலையில் எங்களுக்கும் அதையே போட்டார். ஓர் அதிசயம். போனில் வரும் டீச்சர் குரல் எனக்குக் கணீரென்று கேட்கிறது. வாயால் சொன்னால் கேட்பதில்லை. இயந்திரத்தோடு பழகிய காது இயந்திரம் சொன்னால்தான் கேட்கும்போல.

"எப்பம்மா இதெல்லாம் பேசி வெச்சீங்க?" என்று பாவாயி கேட்டாள்.

டீச்சர் காற்றில் பின்னால் கையைக் காட்டினார். முன்னாடியே என்று அர்த்தம்.

ஆகஸ்ட் 10, சனி

டீச்சர் ஈரோடு போயிருந்தார். ஆடித் தள்ளுபடி நடக்கிறதே, புடவை எடுக்கப் போயிருப்பார் என்று நினைத்தேன். மாலை பஸ்ஸிலிருந்து இறங்கினார். கையில் கைப்பையைத் தவிர ஒன்றும் இல்லை. முகமும் வாடியிருந்தது. விலை ஒத்து வரவில்லைபோல.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

தலைமையாசிரியர் அறைக்கு வெளியே பெருக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே சாரும் டீச்சரும் பேசினார்கள். சார் பேசியது மட்டும் விழுந்தது.

"ஒரு மாசம் மெடிக்கல் லீவுன்னா நான் ஒத்தையா எப்படிங்க டீச்சர் ஓட்டறது? ஆள் இல்லைன்னு பிள்ளைங்களைத் தற்காலிகமா பைபாசுக்கு அக்கட்டால இருக்கற ஸ்கூலுக்கு மாத்திருவாங்க. தற்காலிகமாப் போனது எது திரும்பி வந்திருக்குது சொல்லுங்க?"

டீச்சர் ஏதோ சொன்னார்.

"அதுக்காக உங்களுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா என்னங்க பண்றது?"

டீச்சர் மறுபடியும் ஏதோ சொன்னார். சார் பெருமூச்சு விட்டது மட்டும் கேட்டது.

டீச்சருக்கு எதற்கு மெடிக்கல் லீவு? களைப்புக்கு லீவு கொடுப்பார்களா? கொடுத்தால் நல்லதுதான். ஆனால் அந்தச் சின்னக் கால்கள் பைபாஸைத் தாண்டுவதா? ராசு கவுண்டர் மாடு போன மாதம் அங்கேதான் அடிபட்டது. மாட்டுக்கே ரோட்டைத் தாண்டத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

டீச்சரின் அடுத்த யோசனை: பேசாத வகுப்பு. எல்லாம் கையால்தான். உள்ளங்கையை உயர்த்தினால் எழுந்து நிற்க வேண்டும். இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினால் பக்கத்துப் பிள்ளையோடு ஜோடி சேர வேண்டும். முடித்துவிட்டால் தலையில் கை. புரியவில்லையென்றால் நெஞ்சில் விரல்களை மடக்கிய முட்டியை வைக்க வேண்டும். அப்படி வைத்த பிள்ளையிடம் டீச்சரே போவார். "புரியவில்லை என்று சொல்ல வெட்கப்படுகிற பிள்ளைகூட இப்போது கை வைத்துவிடுகிறது ஐயா" என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினார். நான் அதைப் படித்தேன்.

பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். மதியம் சத்துணவில் சாம்பார் இன்னும் வேண்டுமென்று எல்லாம் கையாலேயே கேட்டன. சமையல்கார அம்மாள், "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று திட்டினாள்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தார். ஒரு தட்டு தட்டினால் பக்கம் திருப்ப வேண்டும், இரண்டு தட்டினால் இடம் மாற வேண்டும். டீச்சர் கண்ணால் சொல்வார், நான் மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டில் தட்டுவேன். நானும் பாடம் நடத்துகிறேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

நேற்று ராத்திரி முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். போர்வெல் வண்டியில் நாங்களும் கையால்தான் பேசுவோம். அந்த இரைச்சலில் வாயால் பேசி என்ன ஆகும்? ராடு இறக்கு, நிறுத்து, டீ வந்துவிட்டது, முதலாளி வருகிறார், எல்லாவற்றுக்கும் சைகை உண்டு. தண்ணீர் கண்டுவிட்டால் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றுவோம். எத்தனை காய்ந்த குழிக்குப் பிறகு அந்தத் துண்டு சுழலும்! வீட்டுக்காரர் அங்கேயே கீழே விழுந்து பூமியைக் கும்பிடுவார்.

இன்று டீச்சரிடம் சொன்னேன். செய்தும் காட்டினேன். டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது. பிள்ளைகளிடம் துண்டு இல்லை, அதனால் ஒரு விரலைத் தலைக்கு மேல் சுழற்ற வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். பாடம் புரிந்தால் அந்தச் சைகை. வகுத்தல் கணக்கில் முட்டியை நெஞ்சிலேயே வைத்திருந்த ஒரு பையன், சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் விரலை உயர்த்திச் சுழற்றினான். மற்றதுகள் எல்லாம் சேர்ந்து சுழற்றின.

எழுதும்போதும் சிரிப்பு வருகிறது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

டீச்சர் தினமும் சுடுதண்ணீர் கேட்கிறார். சைகையால்தான். கொடுக்கிறேன்.

செப்டம்பர் 4, புதன்

மருந்து பாட்டில் தீர்ந்தது. ஒரு பிரயோசனமும் இல்லை. மாலை வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு டீச்சரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "காது அடைச்சுப் போச்சுங்க. நீங்க சொல்றது ஒண்ணும் விழுகறதில்லீங்க. மருந்தும் ஊத்திப் பாத்துட்டனுங்க. இனி நான் வகுப்புக்கு வந்து என்ன பண்றதுங்க?"

டீச்சர் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். சாக்பீஸை எடுத்தார். அதையும் வைத்துவிட்டார். பிறகு என் கையைப் பிடித்து முன் பெஞ்சில் உட்காரவைத்து, கரும்பலகையில் "நீங்கள் வராவிட்டால் வகுப்பு இல்லை" என்று எழுதினார்.

அவர் கண் ஏன் கலங்கியது? ஏதோ ஒன்று தோன்றியது. பிடிபடவில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். வழக்கமாகப் பிள்ளைகள் டீச்சருக்குப் பேனா கொடுக்கும். இந்த வருடம் எல்லாப் பிள்ளைகளும் பனங்கற்கண்டுப் பொட்டலம் கொண்டுவந்தன. சில பொட்டலத்தில் மிளகும் இருந்தது. கடையில் பேனா தீர்ந்துவிட்டதோ என்னவோ.

செப்டம்பர் 12, வியாழன்

அடுத்த வாரம் கல்வி அலுவலர் வருகிறாராம். திரை வந்த பள்ளிகளில் எப்படிப் பாடம் நடக்கிறது என்று பார்க்க. சார் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். நானே அடித்தேன். தோள்பட்டை கழன்றுவிட்டது.

டீச்சர் அட்டைகளை வெட்டுகிறார், ஒட்டுகிறார். பிள்ளைகள் வீட்டுக்குப் போகாமல் கூட இருந்து செய்கின்றன. ஐந்தாம் வகுப்பு கனிஷ்காதான் தலைவி. "பெல்லு தாத்தா, அன்னைக்கு லாரி நெறைய வரணும்னு சாமி கும்புட்டுக்குங்க" என்றாள்.

"ஏன் கண்ணு?"

"சும்மாத்தான்" என்று ஓடிவிட்டாள்.

செப்டம்பர் 19, வியாழன்

இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

அலுவலர் அம்மா காலையிலேயே வந்துவிட்டார். சாந்தமான முகம். கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டார். நான் மணிக்குப் பக்கத்தில் கதவோரம் நின்றேன்.

பாடம், நிலத்தடி நீர். டீச்சர் திரையைத் தொட்டார். மண், பாறை, அதற்கடியில் நீலமாகத் தண்ணீர் என்று படம் வந்தது. படத்தை நிறுத்தினார். இரண்டு விரலைக் காட்டினார். பிள்ளைகள் ஜோடி சேர்ந்து, மண் அட்டை, பாறை அட்டை என்று வரிசையாக அடுக்கின. சின்னதுகள் எழுத்தைக் கண்டுபிடித்தன, பெரியதுகள் வாக்கியம் எழுதின. நெஞ்சில் முட்டி வைத்த பிள்ளையிடம் டீச்சர் போய்க் குனிந்து அட்டையை நகர்த்திக் காட்டினார். நான் தட்டினேன், பக்கங்கள் திரும்பின. ஒரு வகுப்பு முழுக்க ஒருவரும் கத்தவில்லை. கடைசியில் ஒவ்வொரு விரலாக உயர்ந்து சுழன்றது. கூடம் முழுக்கத் தண்ணீர் வந்துவிட்டது.

"இவ்வளவு அமைதியா, இவ்வளவு சுறுசுறுப்பா ஒரு வகுப்பை நான் பார்த்ததில்லை" என்றார் அலுவலர் அம்மா. சாருக்கு மனம் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

அத்தோடு அவர் போயிருக்கலாம். சார் என்னைக் காட்டி, "இவரு மாலை வகுப்பு மாணவருங்க மேடம். இங்கதான் எழுதப் படிக்கக் கத்துக்கிட்டாரு" என்றார்.

"அப்படியா ஐயா? வகுப்பு எப்படி இருக்கு?"

பெரிய அதிகாரி என்னைக் கேட்கிறார். சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை.

"எல்லாம் எங்க டீச்சராலதானுங்கம்மா. வாயே தொறக்காம பாடம் நடத்தறாங்க பாத்தீங்ளா? எங்களுக்கும் இப்படித்தானுங்க. எனக்கு ரொம்பச் சவுகரியமுங்க. ஏன்னா காது கேக்கறதில்லீங்க. டீச்சர் பேசறது எனக்கு ரெண்டு மாசமா ஒண்ணும் விழுகறதில்லீங்க. மருந்துகூட ஊத்தினனுங்க."

அலுவலர் அம்மா என்னையே பார்த்தார். பிறகு மெதுவான குரலில், "எந்த ஆஸ்பத்திரியில காட்டுனீங்க ஐயா?" என்றார்.

சொன்னேன்.

அவர் இன்னும் மெதுவாக, "ஜன்னல் பக்கம் லாரி போகுதே, நான் பேசறது இப்பவும் கேக்குதா?" என்றார்.

"கேக்குதுங்கம்மா" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது என் காதிலேயே விழுந்தது.

அவர் டீச்சர் பக்கம் திரும்பினார். "டீச்சர், இந்தப் பாடத்தை எப்படித் திட்டமிட்டீங்க? நீங்க சொல்லுங்க, கேக்கறேன்."

டீச்சர் வாயைத் திறந்தார். காய்ந்த குழியில் காற்று மட்டும் வருமே, புழுதியோடு, அப்படித்தான் வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. மறுபடி முயன்றார். ஒரு சொல்கூட வரவில்லை.

கனிஷ்கா எழுந்தாள். "டீச்சருக்கு இன்னைக்குத் தொண்டை கட்டிருச்சுங்க மேடம்."

"இன்னைக்கு மட்டுந்தாங்க மேடம்" என்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் சொல்லின. எப்போதோ சேர்ந்து பேசி வைத்ததுபோல இருந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மட்டும் பின்தங்கித் தனியாக, "இன்னைக்கு மட்டும்" என்றது.

டீச்சர் கனிஷ்காவின் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். அவரும் சாரும் அலுவலர் அம்மாவும் அறைக்குள் போனார்கள். நான் மணி அடிக்க மறந்து நின்றேன். பிள்ளைகள் என்னைப் பார்த்தன. ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

செப்டம்பர் 20, வெள்ளி

டீச்சருக்குக் குரல்வளையில் கட்டி என்று சார் சொன்னார். கத்திக் கத்தி வந்ததாம். ஈரோட்டில் அப்போதே சொல்லியிருக்கிறார்கள், ஒரு மாதம் வாயே திறக்கக் கூடாது, மீறினால் குரல் போய்விடும் என்று. டீச்சர் லீவு போடாமல், பேசாமலே பள்ளியை ஓட்டிவிடலாம் என்று பார்த்திருக்கிறார். நாங்கள் தூங்கிய பிறகு அந்தப் பாடங்களையெல்லாம் கிசுகிசுத்துப் பதிந்தாரா, முன்பே நல்ல குரலில் பதிந்தாரா என்று சாரைக் கேட்டேன். ஜூன் மாதமே குரல் கம்மத் தொடங்கியதும் பதிந்து வைத்துவிட்டாராம். மழைக்கு முன்னால் விறகு அடுக்கி வைப்பதுபோல.

இன்று முதல் டீச்சருக்குக் கட்டாய லீவு. பிள்ளைகளை மாற்றுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவாகவில்லை. எல்லாம் என் வாயால் வந்தது.

பாவாயி கேட்டுக்கு வந்தாள்.

"ஏனுங்ணா, அந்த மருந்தைக் காதுல ஊத்தினீங்ளே, வாயில ஊத்தியிருக்கக் கூடாதா?"

சொல்லிவிட்டுப் போனவள் திரும்பி வந்து பக்கத்தில் நின்றாள்.

"நானுந்தானுங்ணா. தறிச் சத்தத்துல காது போயிருச்சுன்னு நெனச்சுட்டு, சொல்றதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டு முன்னால வந்து உக்கோந்தேன். நம்ம வகுப்புல எல்லாருந்தான். நேத்து ஒவ்வொருத்தராக் கேட்டுட்டேன். சாயப்பட்டறைக்காரரு காதுல வேப்பெண்ணெய் விட்டாராம்."

தறிக்காது, கம்ப்ரஸர் காது. எங்களில் ஒருவருக்குக்கூட டீச்சரின் குரலில் குறை இருக்கும் என்று தோன்றவில்லை. அவரவர் காதையே சந்தேகப்பட்டோம்.

செப்டம்பர் 23, திங்கள்

தொட்டியை நிரப்பினேன். மணி அடித்தேன். சார் தனியாகக் கத்திக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 26, வியாழன்

பிள்ளைகளை மாற்றக் கூடாது என்று ஊரில் மனு கொடுத்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். ரேகை வைக்கவில்லை. இந்தக் கையெழுத்துக்கு இப்படி ஒரு வேலை வரும் என்று நினைக்கவே இல்லை.

அலுவலர் அம்மா வேறு பள்ளியிலிருந்து வாரத்தில் மூன்று நாளுக்கு ஓர் இளம் டீச்சரை அனுப்பியிருக்கிறார். தீபாவளிவரை. அதற்குள் தமயந்தி டீச்சர் வந்துவிட்டால் பிள்ளைகளை மாற்ற மாட்டார்கள். வராவிட்டால் என்ன என்று யாரும் பேசவில்லை. புது டீச்சர் முதல் நாள் கத்தித் தொண்டையைக் கனைத்தார். பிள்ளைகள் அவருக்குச் சைகைகளைச் சொல்லிக் கொடுத்தன.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. தண்டவாளத் துண்டைத் தேய்த்துக் கழுவிச் சந்தனம், குங்குமம் வைத்தேன். அடிபம்புக்கு வைத்தேன். திரைக்கு முன்னால் கிண்ணத்தோடு நின்று சாரைப் பார்த்தேன். சார் கொஞ்சம் யோசித்தார். "கண்ணாடியில வேண்டாங்ணா, சட்டத்துல ஒரு ஓரமா வைங்க" என்றார். வைத்தேன். அடுத்து தன் செல்போனையும் நீட்டினார். "இதுக்கும் ஒண்ணு வைங்க. இந்தப் பீடை எப்பத்தான் என்னை விடும்னு கேட்டுச் சொல்லுங்க."

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. புதுப் பிள்ளைகளைச் சேர்க்கும் நாள். இந்த வருடம் யாரும் வரமாட்டார்கள் என்று சார் பயந்தார். பள்ளி இருக்குமோ இருக்காதோ என்று ஊரே பேசும்போது யார் பிள்ளையைக் கொண்டுவருவார்கள்? பாவாயிதான் முதலில் தம்பி மகனின் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அதன் பின்னால் இன்னும் இரண்டு வீட்டார் வந்தார்கள்.

சிறிது நேரத்தில் கேட் திறக்கும் சத்தம். தமயந்தி டீச்சர். லீவில் இருப்பவர் வரக் கூடாதாம். ஆனாலும் வந்துவிட்டார். கழுத்தைச் சுற்றித் துணி. கையில் சிலேட்டு. இளைத்திருந்தார். முகத்தில் மட்டும் தூங்கி எழுந்த தெளிவு.

தாம்பாளத்தில் அரிசி பரப்பியிருந்தது. புதுப் பிள்ளைகளை ஒவ்வொன்றாக மடியில் வைத்து, விரலைப் பிடித்து அரிசியில் எழுதவைத்தார். இந்த வேலைக்குக் குரல் வேண்டியதில்லை. பாவாயி கொண்டுவந்த பிள்ளை அவர் முகத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இந்த டீச்சர் ஏன் பேச மாட்டேங்கறாங்க?" என்று கேட்டது.

"அவங்க பேசினதெல்லாம் எங்ககிட்ட இருக்குதாக்கும்" என்றாள் கனிஷ்கா.

எல்லோரும் பொங்கல் வாங்கப் போனபோது நான் டீச்சரிடம் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று இத்தனை நாளாக மனதில் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. எனக்கும் காற்றுதான் வந்தது.

டீச்சர் சிலேட்டில் எழுதினார். பெரிய பெரிய எழுத்தாக, எனக்காக இடம் விட்டு எழுதினார். நீட்டினார். நான் சத்தமாகப் படித்தேன். எனக்கு மனதுக்குள் படிக்க இன்னும் வரவில்லை.

"உங்கள் காதில் குறை இல்லை ஐயா. மருந்து ஊற்றினேன் என்று நீங்கள் சொன்ன அன்றே சொல்லியிருக்க வேண்டும். பயந்துவிட்டேன்."

துடைத்துவிட்டு மறுபடி எழுதினார். அதையும் படித்தேன்.

"நீங்கள் அன்று பேசியிருக்காவிட்டால் நான் இன்னும் பேசிப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பேன். டாக்டர் நம்பிக்கை சொல்கிறார். பழைய குரல் வராது, ஆனால் ஒரு குரல் வரும்."

போன வருடம் இந்தச் சிலேட்டை என்னிடம் நீட்டியிருந்தால், யாராவது படித்துச் சொல்லுங்கள் என்று பள்ளி கேட் வரைக்கும் அலைந்திருப்பேன். அவர் இத்தனை பக்கத்தில் நின்று சொல்வது எனக்கு விழுந்திருக்காது. உண்மையில் நான் செவிடாக இருந்தது அப்போதுதான்.

"கேட்டுச்சுங்க டீச்சர்" என்றேன். "ஒவ்வொரு எழுத்தும் கேட்டுச்சுங்க."

தோளில் இருந்த துண்டை எடுத்தேன். தலைக்கு மேல் நன்றாகச் சுழற்றினேன். பொங்கல் இலையோடு நின்ற பிள்ளைகள் பார்த்துவிட்டன. என்ன ஏது என்று கேட்காமலே அத்தனையும் விரலை உயர்த்திச் சுழற்றின. புதிதாகச் சேர்ந்த மூன்றும் ஒன்றும் புரியாமல், அரிசி ஒட்டிய விரலை உயர்த்திச் சுழற்றின.

டீச்சர் சத்தமில்லாமல் சிரித்தார். இந்த முறை இருமல் வரவில்லை.